பாவு ஒன்று, ஓட்டம் பல

இலக்கணங் கற்பிப்பவனுக்குக் கணினியோடு என்ன உறவு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் வினவக்கூடும். சாய்ந்தமருதில் என்னிடந் தமிழ் பயின்று, இன்று கொழும்பிலே ஜாவா மொழியில் நிரல் எழுதும் இளைஞர் ஒருவர் தாம் பட்ட இடரை எனக்குக் கூறினார். அதுவே இக்கட்டுரைக்கு வித்து.

அவருடைய நிரல், தொலைவிலுள்ள ஒரு கணினியின் சேவையை நாள்தோறும் பல்லாயிரந் தடவை இணையவழி அழைப்பது. காலையில் விரைந்தோடும், நண்பகலில் தளரும், மாலையில் நினைவகம் நிரம்பி நின்றுவிடும். ஒரு திங்களாக உறக்கமிழந்து, இத்தொழிலே தமக்கு ஆகாதோ என்று மனமுடைந்திருந்தாராம்.

அவர் கையாண்டது அக்ஸிஸ்-2 என்னுங் கருவித்தொகுதி. அதன் கட்டமைப்பு, 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொழும்பிலே கூடிய மாநாட்டில் முளைகொண்டது என்பது நாம் மகிழத்தக்க செய்தி. இத்தொகுதியைக்கொண்டு சேவையை அழைப்பவருக்கு ‘கொன்பிகரேஷன் கொன்டெக்ஸ்ட்’ எனப்படும் அமைவுச் சூழல் ஒன்று வேண்டும். அமைவுக் கோப்பைப் படித்து, உரிய கூறுகளைத் தேடிச் சேர்த்து அதனை ஆக்குவதற்கு நேரமும் நினைவகமுஞ் செலவாகும். இளைஞரோ ஒவ்வோர் அழைப்புக்கும் அதனைப் புதிதாக ஆக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊருக்கு வடக்கேயுள்ள மருதமுனை நெசவாளர் இதனைக் கேட்டால் நகைப்பர். பாவை ஒருமுறை தறியில் ஏற்றிவிட்டால், அது தீருமட்டும் நாடாவே ஓடும். ஓட்டத்துக்கொரு பாவு எவரும் ஏற்றுவதில்லை. இலக்கண நூலாரும் அவ்வாறே. முன்னைச் சூத்திரத்து நின்ற சொல் பின்னையவற்றுக்கும் அதிகாரத்தால் வந்து பொருந்தும். மீண்டும் மீண்டுங் கூறின் நூல் வீங்கும். (எம் மாணவர் கட்டுரைகள் வீங்குவதற்குக் காரணம் வேறு.)

நிரல் தொடங்கும்போதே சூழலை ஒருமுறை ஆக்கி, எல்லா அழைப்புக்கும் அதனையே வழங்கினார். நான்கே வரிகள் இடம்மாறின. நிரல் அன்று மாலையிலும் ஓடியது.

ஆயினும், கிடைத்ததையெல்லாம் பொதுவாக்குதல் தகாது. அழைப்பை நடத்தும் ‘சேர்விஸ் கிளையன்ட்’ என்பதனை ஒரே வேளையில் ஓடும் பல இழைகள் பகிர்ந்தால், ஒன்றற்குரிய விவரம் மற்றொன்றோடு மயங்கும். அதனை இழைக்கு ஒன்றாகவே வைத்தல் வேண்டும். அழைப்பு முடிந்ததும் இணைப்பை விடுவித்தலும் வேண்டும்; இன்றேல் அடுத்த அழைப்பு வாயிலிலே காத்துக் கிடக்கும்.

2018இல் வெளிவந்த ஜாவா 11 இவ்விடரை முன்னரே எண்ணியது போலும். அதிலுள்ள ‘எச்.டி.டி.பி. கிளையன்ட்’ ஒருமுறை ஆக்கப்பட்டபின் அதன் அமைவை எவராலும் மாற்ற இயலாது. ஆதலால் இழைகள் பலவும் அதனை அச்சமின்றிப் பகிர்கின்றன.