காதுக்கு ஒரு சிபாரிசு

"அதைப் பருப்பு வேகிற நேரத்துக்குக் கேக்கலாம். அதுக்கு மேலே தாங்காது. அதை விட்டுட்டு வேற ஒண்ணு கேளு தாயி."

சோழவந்தானில் அத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இந்த வார்த்தைகள் காதில் விழுந்தன. டெலிபோனில் யாருக்கோ சமையல் பக்குவம் சொல்லிக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். பருப்பைக் கேட்பதாவது என்று யோசித்தபடியே உள்ளே போனேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் விளங்கியது. அவள் பேசியது ஒரு நாவலைப் பற்றி. விமரிசகர்கள் மூன்று பேர் போட்டி போட்டுக்கொண்டு மெச்சிய நாவல் அது. எழுதியவர் எனக்குச் சிநேகிதர். அவருடைய நல்ல காலம், அன்று அவர் என்னோடு வரவில்லை.

எழுத்துத் தொழிலுக்கு வந்து இருபது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. புத்தகங்களை நிறுக்கிற தராசுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பத்திரிகை மதிப்புரை ஒரு தராசு. பரிசுக் கமிட்டி ஒரு தராசு. நூலக ஆர்டர் இன்னொரு தராசு. அதுதான் கனமான தராசு. பருப்பு வேகும் நேரத்தைப் படிக்கல்லாக வைத்து ஒரு நாவலை நிறுத்ததை அன்றைக்குத்தான் முதன் முதலாகப் பார்த்தேன்.

அந்தத் தராசு அத்தையின் கைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சோழவந்தான் என்றால் வைகை, தென்னை, நெல், அப்புறம் வெற்றிலைக் கொடிக்கால். நான் சிறுவனாக இருந்த காலத்தில், கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலை பிற்பகலில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து இலையைத் தரம் பிரித்துக் கவுளி கவுளியாக அடுக்குவார்கள். கைக்கு வேலை உண்டு, கண்ணுக்கும் வேலை உண்டு. காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்கு வேலை கொடுத்தவள் அத்தை.

அவளிடம் பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்' இருந்தது. 1950 முதல் 1954 வரையில் 'கல்கி' பத்திரிகையில் மணியத்தின் சித்திரங்களோடு வந்ததை வாராவாரம் கிழித்துச் சேர்த்து எங்கள் தாத்தா தைத்து வைத்திருந்தார். அத்தை தூணில் சாய்ந்துகொண்டு வாசிப்பாள். ஆழ்வார்க்கடியான் வந்தால் அவள் குரலில் ஒரு குறும்பு வந்து ஒட்டிக்கொள்ளும். நந்தினி வந்தால் குரல் தாழ்ந்துவிடும். வெற்றிலை அடுக்கும் கைகள் அப்படியே நின்றுவிடும். எந்தக் கவுளியிலாவது இலை குறைந்தால் அந்தப் பழி நந்தினியைச் சேர்ந்தது என்று தாத்தா சொல்வார்.

அந்தப் பெண்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஒரு கதை முடிந்தவுடன் அடுத்தது எது என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான். "மறுபடியும் அந்த ராசா கதையே வாசி" என்றால் ராஜா கதை. "அழ வைக்கிறது வேண்டாம், வீட்டுலே அழுதது போதும்" என்றால் நகைச்சுவை. எது நல்ல கதை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பிற்காலத்தில் ஒரு விஷயம் படித்தேன். கியூபா நாட்டு ஹவானாவில், சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஆட்கள் இலையைச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து நாவல் வாசிக்கும் வழக்கம் 1865-ல் ஆரம்பமாயிற்றாம். வாசிப்பவருக்குச் சம்பளம் தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தது. எந்த நாவல் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். அலெக்ஸாந்தர் தூமாவின் மாண்டி கிறிஸ்டோ கதை அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், அந்தப் பேரிலேயே ஒரு சுருட்டு வந்ததாகச் சொல்கிறார்கள். இங்கே பக்கத்தில், கேரளத்துக் கண்ணூர்ப் பகுதிப் பீடிக் கம்பெனிகளில் ஒருவர் பத்திரிகை வாசிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். சுருட்டு, பீடி, வெற்றிலை! இலக்கியத்துக்கும் லாகிரி வஸ்துக்களுக்கும் உள்ள உறவு நாம் நினைத்ததைவிட நெருக்கமானது போலும்.

ஆறு வருஷங்களுக்கு முன் அத்தைக்குப் பார்வை போயிற்று.

புரையாக இருந்திருந்தால் கவலையில்லை. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த ஊர் மதுரை. புரை எடுத்துக்கொண்டு வந்து ஊசியில் நூல் கோக்கிற பாட்டிமார்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அத்தைக்கு வந்தது கண் அழுத்த நோய். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிப் பின்னால் இருக்கும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகிறது. பெரும்பாலும் வலியே தெரிவதில்லை. முதலில் பக்கப் பார்வைதான் குறையும். நிலைப்படியில் இடித்துக்கொள்கிறவர்கள் அதை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இந்த நோயில் போன பார்வை போனதுதான். மிச்சத்தை மட்டும் காப்பாற்றலாம். அத்தை டாக்டரிடம் போனபோது மிச்சம் அதிகம் இல்லை.

"நடக்கறது பழகிடும், சமைக்கறதும் பழகிடும். படிக்கறதுக்கு என்னய்யா செய்ய?" என்றாள்.

"நான் வாசிச்சுக் காட்டறேன் அத்தை. ஞாயித்துக்கிழமை தவறாம வந்துடறேன்" என்றேன்.

மதுரையில் ரயில் ஏறினால் அரை மணியில் சோழவந்தான். முதல் இரண்டு மாதம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. மூன்றாவது மாதம் ஒரு கூட்டம், ஒரு கல்யாணம். அப்புறம் தொடர்கதைக்குக் கெடு வந்தது. கெடு என்பது எழுத்தாளனுக்குப் பகவான் அளித்த வரம். எந்தக் கடமையிலிருந்து தப்ப வேண்டுமானாலும் அதைக் காட்டலாம். வாராவாரம் போனவன் மாதம் ஒரு முறை போனேன்; பிறகு பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் என்று ஆயிற்று. நான் வாசித்து வந்த 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றின் நடுவில் நின்றது. அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

குற்றமுள்ள நெஞ்சு ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தது. விரல் பட்ட இடத்தைப் போனே வாய்விட்டுச் சொல்லும்படி என் பெண் செய்துவைத்தாள். பம்பாய் கண்ணன் பல நடிகர்களின் குரலைச் சேர்த்துத் தயாரித்த 'பொன்னியின் செல்வன்' ஒலிப் புத்தகம் கிடைத்தது. தீபிகா அருண் 'கதை ஓசை' என்ற பேரில் வாசித்தவையும் கிடைத்தன. நான் பாதியில் விட்ட 'சுழற்காற்'றை அத்தை இப்படித்தான் முடித்தாள். அடுத்த மூன்று பாகங்களையும் முடித்தாள்.

அப்புறம் அவளைச் சுற்றி ஒரு வட்டம் சேர்ந்தது. முதல் ஆள் டாக்டர் வீட்டுப் பெஞ்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அவர் மூலம் திருமங்கலத்துத் தையல்காரர் ஒருவர். அவருக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துணியை விட்டு எடுக்க முடியாத கண். செல்லூரில் நெசவு வீட்டு அம்மாள் ஒருத்தி. தறி ஓடும்போது ஒன்றும் கேட்காது, தார் சுற்றும்போது கேட்பாள். இப்படிப் பதினோரு பேர். தினம் காலையில் பத்து மணிக்குமேல் டெலிபோன் மணி அடிக்க ஆரம்பிக்கும். "என்ன முடிச்சீங்க? அடுத்தது என்ன கேக்கலாம்?"

அவர்கள் பேசுவதைக் கேட்டால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆசிரியர் பெயர் கடைசியில்தான் வரும். வாசித்தவர் யார் என்பதே முதல் கேள்வி. வாக்கியத்தின் வாலை விழுங்குகிறவரா? லகர ளகரம் சரியாக வருமா? அழுகிற இடத்தில் தாமே அழுதுவிடுகிறவரா? "அவர் அழுதுட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்பது கார்டு பெரியவரின் கட்சி. பல குரல்களில் நடிப்பது நல்லதா, ஒரே குரல் வாசிப்பது நல்லதா என்பது தீராத வழக்கு. பவா செல்லதுரை மாதிரிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொந்த வார்த்தையில் கதை சொல்கிறவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அதைப் 'படித்த' கணக்கில் சேர்ப்பதில்லை.

புத்தகங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் வகைகளும் புதியவை. அரிசியில் கல் பொறுக்கும்போது கேட்பது ஒரு ரகம். நடுவில் குக்கர் விசில் அடித்தாலும் நூல் அறுந்துபோகாது. பஸ்ஸில் கேட்பது ஒரு ரகம். ராத்திரிப் புத்தகம் என்பது தனி. பாதியில் தூங்கிவிட்டு மறுநாள் எங்கிருந்து கேட்டாலும் அது சுகமாக இருக்க வேண்டும். வேறு எந்த வேலையும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டியவை மிகச் சில. அத்தை அப்படிச் சொல்லிவிட்டால் பதினோரு வீட்டிலும் அன்றைக்கு வேலை நடக்காது.

இது இன்று முளைத்த ஆசை என்று நினைக்க வேண்டாம். எடிசன் 1877-ல் பேசும் இயந்திரத்தைச் செய்து, அதன் உபயோகங்களை மறு வருஷமே பட்டியல் போட்டபோது, பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகத்தையும் அதில் சேர்த்தார். அது நடப்புக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் 1934-ல் இசைத்தட்டுப் புத்தகங்கள் வந்தன. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிஷம். மறு வருஷம் இங்கிலாந்தில் வந்த முதல் தட்டுகளில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை. முதல் உலக யுத்தத்தில் கண்ணிழந்தவர்கள் அந்தத் தட்டுகளுக்காகக் காத்திருந்தார்கள். நம் மதுரையிலேயே, தாமும் பார்வையிழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-ல் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை ஆரம்பித்தார். 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றவர்களுக்கு ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் என் நாவல் ஒன்றும் ஒலிப் புத்தகமாக வந்தது. மதிப்புரைகளில் 'உத்தி' என்ற வார்த்தை அடிக்கடி வந்த நாவல். நல்ல குரல், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் வாசித்திருந்தார்கள். அத்தைக்கு அனுப்பிவைத்தேன். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. அவளிடமிருந்து பேச்சே இல்லை. பொறுக்க முடியாமல் தையல்காரரிடம் கேட்டேன். நாவலை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது.

"அம்மா அதை யாருக்கும் சொல்லலீங்க. நானாத்தான் எடுத்துக் கேட்டேன். பேசறது யாரு, மனசுக்குள்ளே நினைக்கிறது யாருன்னு தெரியலே. ரெண்டு பாவாடை தச்சதுதான் மிச்சம்."

பழந்தமிழ் படித்தவர்களுக்கு உருத்திரசன்மன் கதை தெரியும். இறையனார் அகப்பொருளின் அறுபது சூத்திரங்களுக்குப் புலவர்கள் ஆளுக்கோர் உரை எழுதி, எது மெய்யுரை என்று சண்டை போட்டுக்கொண்டார்களாம். மதுரை உப்பூரிகுடி கிழார் மகன், ஐந்து வயது ஊமைப் பிள்ளை உருத்திரசன்மனை நடுவே உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக வாசித்தார்கள். மருதன் இளநாகனார் உரைக்கு அங்கங்கே கண்ணீர் வந்தது. நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வந்தது. வழக்கு முடிந்தது. கேட்டுத் தீர்ப்புச் சொல்வது இந்த ஊர் வழக்கம். மற்றப் புலவர்கள் அன்று எப்படி வீட்டுக்குப் போனார்கள் என்று கதை சொல்லவில்லை. எனக்குத் தெரியும். திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் அப்படித்தான் வந்தேன்.

மறு ஞாயிறு சோழவந்தான் போனேன்.

"ஏன் அத்தை, என் புஸ்தகத்தை நீங்க யாருக்கும் சொல்லலியாமே?"

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்கே பிடிபடலே தம்பி. பிடிபடாததை நாலு பேருக்கு எப்படிச் சொல்ல? நீ எழுதினதுங்கறதுக்காகச் சொன்னா, அப்புறம் நான் சொல்றதை யார் கேப்பா?" பிறகு சொன்னாள்: "நீ வாசிச்சுக் காட்டு. உன் வாயாலே கேட்டாப் புரியும்னு நினைக்கிறேன்."

புத்தகத்தை எடுத்து வாசித்தேன். முதல் பக்கத்திலேயே எனக்கு நாக்குத் தடுக்கியது. உத்தி என்று நான் பெருமைப்பட்டதில் பாதி, மேற்கோள் குறியும் பத்தி இடைவெளியும்தான். கண்ணுக்கு அவை தெரியும். காதுக்கு எப்படித் தெரியும்? வாசிக்க வாசிக்க என்னையறியாமல் "என்று அவன் நினைத்தான்", "என்று அவள் சொன்னாள்" என்று சேர்த்துக்கொண்டே போனேன். சில வரிகளை வாய் வராமல் விட்டுவிட்டேன். மூன்றாம் அத்தியாயத்தில், தாயும் மகனும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் இடம். அத்தை மடியில் வைத்திருந்த முறத்தைக் கீழே வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

அவள் அழவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. ஆறு மணி ரயிலுக்கு நேரமாயிற்று என்று நான்தான் எழுந்தேன். "சுழற்காத்துலே நிறுத்தினாப்பலே இதையும் நிறுத்திடாதே" என்றாள். ஆறு வருஷத்தில் அவள் அதைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் எட்டு ஞாயிறு போய்விட்டேன். போன வாரம் கார்டு பெரியவர் டெலிபோனில், அத்தையின் சிபாரிசு எனக்கே வந்து சேர்ந்தது. அவரிடம் அவள் சொன்னாளாம்:

"அந்த நாவலு நல்லாத்தான் இருக்கு, அவசியம் கேளுங்க. ஆனா போன்லே வேண்டாம். அதைச் சரியா வாசிக்கிற ஆளு ஒருத்தன் இருக்கான். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எங்க வீட்டுக்கு வருவான்."