ஒகோனலஃப்டி ஆற்றங்கரையிலிருந்து

அன்புள்ள செல்வி,

வட கரோலினாவில், கிரேட் ஸ்மோக்கி மலையடிவாரத்தில், செரோக்கி ஊருக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறேன். எல்க் மான்களைப் பார்க்கத்தான் வந்தேன். காலையும் மாலையும் புல்வெளி ஓரத்திலேயே போகிறது.

விடியும் நேரம் மூடுபனிக்குள் மேய்ந்துகொண்டிருக்கும். வெயில் ஏறியதும் ஒரு கிழப் பெட்டை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடக்கும். மற்றவையும் அதன் பின்னாலேயே காட்டுக்குள் போய்விடும். பகலெல்லாம் நிழலில் படுத்து அசைபோடுவதுதான் வேலை. பசுவைப் போலவே நான்கு அறை வயிறு இல்லையா, திறந்தவெளியில் பயந்து பயந்து மேய்ந்ததை மறைவில் ஆற அமர அரைக்கின்றன. பொழுது சாயும்போது ஆற்றைக் கடந்து மறுபடி புல்வெளிக்கு வருகின்றன.

நேற்று சாலையோரம் காரை நிறுத்தி உள்ளேயே இருந்தோம். ஒரு தாய் ஆற்றிலிருந்து மேலேறியது. பிடரி மயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கன்று பின்தங்கியதும் நின்று மெல்ல முனகியது; கன்று கீச்சென்று பதில் கொடுத்து ஓடிவந்தது. அவை கடந்துபோகும்போது கால் மூட்டுகள் சொடக்குவிடும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது.

இது செப்டம்பர், இணைசேரும் பருவம். கிடாக்களுக்கு மட்டும் மேய்ச்சலும் இல்லை, தூக்கமும் இல்லை. பெட்டைகளை வளைத்து வளைத்து ஓட்டியே இளைத்துப்போகின்றன. 300 கிலோ உடம்பிலிருந்து எவ்வளவு மெல்லிய, உச்சஸ்தாயிக் கூவல் வருகிறது தெரியுமா! நம்பவே முடியவில்லை.

வேட்டையாடியும் காட்டை அழித்தும், சுமார் 200 வருடம் இந்த மலைகளில் எல்க்கே இல்லாமல் செய்துவிட்டார்கள். 2001இல் 25, அடுத்த வருடம் 27 என்று பக்கத்து கட்டலூச்சி பள்ளத்தாக்கில் கொண்டுவந்து விட்டார்கள். அதிலிருந்து பெருகியதுதான் இன்று இங்கே மேய்கிறது.

அதனால்தான் சிலர் செல்போனை நீட்டிக்கொண்டு கிட்டே போகும்போது எனக்குப் பொறுக்கவில்லை. 150 அடிக்குள் நெருங்கக் கூடாதென்பது இங்கே சட்டம். ஆள் நெருங்கினால் மான் மேய்ச்சலை விட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கிறது. குளிர்காலத்துக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பு அப்படித்தான் குறைகிறது.

அக்டோபர் முதல் வாரம் வரைக்கும் கூவல் கேட்கும். முடிந்தால் கிளம்பி வா, நல்ல தொலைநோக்கியாக ஒன்று எடுத்துக்கொண்டு.

அன்புடன்,
மீனா