மதிலைத் தாண்டிப் போய்வந்தவர்கள்

2020 ஏப்ரலில் கொரோனாவைத் தடுக்க மகாராஷ்டிர அரசு மும்பை ஆர்தர் ரோடு, பைகுல்லா, புணே எரவாடா உள்ளிட்ட சிறைகளை முழுதாக மூடியது. யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது. காவலர்களுக்கும் அதே விதிதான். ஒரு குழு உள்ளேயே தங்கும், இன்னொரு குழு முறைக்காக வெளியே காத்திருக்கும். அப்படியும் மே முதல் வாரத்தில் ஆர்தர் ரோட்டில் 77 கைதிகளுக்கும் 26 ஊழியர்களுக்கும் தொற்று. சுமார் 800 பேருக்கான இடத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் அடைத்துவிட்டு, தள்ளி நில்லுங்கள் என்று எப்படிச் சொல்வது? அதைச் சொல்கிற வேலையும் வார்டர் தலையில்.

தமிழ்நாட்டில் மனு பார்ப்பது, அதாவது உறவினர்கள் வந்து கைதியைச் சந்திப்பது, அந்த மார்ச்சிலேயே நின்றது. பதிலுக்கு வீடியோ அழைப்பு வந்தது. நல்ல ஏற்பாடு, நீடிக்க வேண்டியது.

சான் குவென்டின் சிறை, கலிபோர்னியா. 2020 மே கடைசிவரை அங்கே ஒரு கைதிக்கும் தொற்று இல்லை. மே 30 அன்று, ஏற்கெனவே நோய் பரவியிருந்த சீனோ சிறையிலிருந்து 122 பேரைப் பேருந்துகளில் கொண்டுவந்தார்கள். பலருக்குப் பரிசோதனை செய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோரை வைத்த இடம் பல அடுக்குக் கட்டடம். அறைகளுக்குக் கம்பிதான், மூடிய கதவு கிடையாது. இடமாற்றத்தை முடிவு செய்தவர்கள் மேலதிகாரிகள். அந்த அடுக்குகளில் தினமும் ஏறி இறங்கியவர்கள் காவலர்கள். ஆகஸ்டுக்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளும் 250க்கு மேற்பட்ட ஊழியர்களும் நோயில் விழுந்தார்கள். சகாக்கள் படுக்கையில் கிடக்க, மற்றவர்கள் அவர்கள் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். 28 கைதிகளும் ஒரு சார்ஜண்ட்டும் இறந்தார்கள்.

ஊழியர்களைக் காக்கத் தவறியதற்காக மாநிலத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 2021 பிப்ரவரியில் 4 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. அரசின் ஒரு கை இன்னொரு கைக்குக் கட்டுகிற பணம். எனக்கு இதில் ஆறுதல் இல்லை.

2021 செப்டம்பரில் கலிபோர்னியச் சிறை ஊழியர்கள் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். காவலர் சங்கமும் மாநில அரசும் மேல்முறையீடு செய்தன. 2022இல் உத்தரவு ரத்தானது. கைதி எங்கும் போய்வருவதில்லை. தினமும் மதிலைத் தாண்டுகிறவர் காவலர்தான். இந்தப் பக்கங்களில் காவலர்களுக்காகவே எழுதிவருகிறேன். ஆனாலும் சொல்கிறேன்: சகாவையே பறிகொடுத்தவர்களின் சங்கம் அந்த வழக்குக்குப் போயிருக்கக் கூடாது.