விரட்டும் முன் விசாரி

பறவை பார்க்கக் காட்டுக்குத்தான் போகவேண்டும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள், பிள்ளைகளே. மருந்தடிக்காத வயல் ஒன்று போதும். கேமராகூட வேண்டாம், வரப்பில் வாய்மூடி உட்காரத் தெரிந்தால் சரி. உங்கள் வயதில் அதுதான் கஷ்டம், தெரியும்.

பெயரைக் கண்டுபிடித்ததும் எழுந்துவிடாதீர்கள். அது எதைத் தின்கிறது, யாரோடு சண்டை போடுகிறது என்று பாருங்கள். நெல்வயலில் தென்னை மட்டையை நட்டுவைத்தால் கரிச்சான் வந்து உட்கார்ந்து பூச்சிகளைப் பிடிக்கும். மரத்தில் கூடு கட்டிவிட்டாலோ காக்கையையும் பருந்தையும் துரத்தித் துரத்திக் கொத்தும். அந்தத் தைரியத்தில் புறாவும் மாங்குயிலும் அதே மரத்தில் குடியேறும். ஆனால் கதிர் பால் பிடிக்கும்போது மட்டையைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் தானியம் கொத்தும் கூட்டத்துக்கு நாமே நாற்காலி போட்டதாகிவிடும்.

ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு பாய்ந்தால், காலடியைப் பாருங்கள். வெறுந்தரையில், மண் நிறத்தில், பெரும்பாலும் நான்கு முட்டைகள் கிடக்கும். ஏர் ஓட்டும்போது அந்த ஓரத்தை விட்டு ஓட்டினால் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

கூகையை அபசகுனம் என்பார்கள். அது தங்கும் இடத்தின் அடியில் கிடக்கும் உருண்டைகளை உடைத்துப் பாருங்கள். எலியின் எலும்பும் ரோமமும்தான் இருக்கும். எலிக்கு விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகலாம்.

எல்லாப் பறவையும் உழவனுக்கு நண்பன் என்று நான் சொல்லமாட்டேன். நிலக்கடலையை மயில் கிளறிப்போட்ட வயலில் நின்று அப்படிச் சொல்ல வாய் வராது. அதற்கு இன்னும் யாரும் நல்ல வழி சொல்லவில்லை.

ஆனாலும் வேடந்தாங்கல் ஏரிப் பக்கத்து விவசாயிகள் கணக்குத் தெரிந்தவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதைப் பார்த்து வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாதுகாப்புக்கு எழுத்து வாங்கினார்கள். சரணாலயம் என்ற பலகையெல்லாம் வெகு காலம் கழித்து வந்தது.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி ‘ஈபேர்ட்’ தளத்தில் ஏற்றினால் போதும். வரும் பொங்கலுக்கு உங்கள் வயலிலிருந்தே ஒரு பட்டியல் அனுப்புங்கள். காக்கையையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள்.