பாலைக்கு ஓர் இரவு

தொல்காப்பியம் பாலைக்கு வகுத்த சிறுபொழுது நண்பகல். இருபது ஆண்டுகளாக வகுப்பில் அதையே சொல்லிவந்தோம். பாலைக்கு இரவும் உண்டென்பதைச் சென்ற குளிர்காலத்தில் ஜெய்சல்மேரில்தான் அறிந்தோம்.

கட்டடக் கலைஞரான நம் நண்பர் அங்கே ஒரு பள்ளிக்கு இசைக்கூடம் வரைந்துகொண்டிருந்தார். டயானா கெல்லாக் வடிவமைத்த ராஜகுமாரி ரத்னாவதி பெண்கள் பள்ளியை முதல் நாள்தான் பார்த்திருந்தோம். முட்டை வடிவம், மஞ்சள் மணற்கல், காற்றை உள்ளே விடும் துளைச்சுவர். "இதுபோலவே கட்டிவிடலாமே" என்றோம்.

நண்பர் சிரித்தார். காற்று வரும் துளை வழியே ஓசை வெளியேறிவிடும். வளைந்த சுவர் ஒலியை ஓரிடத்தில் குவிக்கும். எனவே அவர் தடித்த நேர்ச்சுவர்களை வரைந்திருந்தார். நண்பகல் வெப்பம் அந்தக் கல்லைக் கடந்து உள்ளே வருவதற்குள் இரவாகிவிடும். அப்போது சன்னல்களைத் திறந்துவிட்டால் குளிர்காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். அந்தக் கனமே ஓசையையும் அடக்கும். கோடைக்காற்று தென்மேற்கிலிருந்து வீசுவதால் வகுப்பறைகளுக்கு வடகிழக்கே கூடம். பாட்டு கணக்குப் பாடத்தைக் கெடுக்காமல் மணல்வெளிக்குப் போய்விடும். குறையேதும் நமக்குத் தெரியவில்லை.

மாலையில், பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்போகும் முதியவர் வந்தார். மங்கணியார் என்னும் பரம்பரை இசைக்குடியைச் சேர்ந்தவர். வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இரவில் வாத்தியம் எங்கே தூங்கும்?" என்று கேட்டார்.

இருவரிடமும் விடையில்லை. அவர் மடியிலிருந்த கமாய்ச்சா மாமரத்தில் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்தியது. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் மரம் வெடிக்கும். தோல் இறுகியும் தளர்ந்தும் சுருதி நிற்காது. அறையைக் குளிர்விக்கத் திறக்கும் சன்னலே அதற்குப் பகை. "பாட்டனார் காலத்தது. உடைந்தால் வேறு செய்து தர ஆளில்லை" என்றார்.

நண்பர் ரப்பரை எடுத்தார். கூடத்தின் நடுவே, வெளிச்சுவர் எதையும் தொடாத, சன்னலில்லாத சிற்றறை ஒன்று எழுந்தது. நாற்பது பிள்ளைகள் அமரவிருந்த கூடத்தில் இனி முப்பது பேருக்கே இடம். முதியவர் தம் வாத்தியத்தை முழம்போட்டு அளந்து, அறைக்கதவின் அகலத்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் திரும்பியதும் பாலைத்திணைப் பாடம். கரும்பலகையில் நண்பகல் என்றே எழுதினோம். தேர்வுக்கு அதுதான் விடை. எழுதியபின், அந்த இரவையும் சொன்னோம்.