மூச்சு முட்டுற ஹெல்மெட்டும் கொஞ்சம் பஞ்சும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுட்டே வந்த விஷயம் இது. போன வாரம் மச்சான் அனுப்புன ஒரு வீடியோதான் என்னைய உட்கார வெச்சிருச்சு.

மச்சான் துபாய்ல பிளேன்ல இருந்து குதிச்சிருக்காரு! பயிற்சியாளரோட சேர்த்துக் கட்டிக்கிட்டு, கண்ணுக்கு மட்டும் ஒரு கண்ணாடி மாட்டிக்கிட்டு. அத பார்த்து முடிச்சதும் யூடியூப் சும்மா இருக்குமா? அதே மாதிரி நாலஞ்சு வீடியோ வரிசையா ஓடுச்சு. அதுல தனியா குதிக்கிற அனுபவசாலிங்க நம்ம பைக் ஹெல்மெட் மாதிரியே முகம் முழுசா மூடுன ஹெல்மெட் போட்டிருந்தாங்க. ஆனா பிளேனுக்குள்ள உட்கார்ந்திருக்கிற வரைக்கும் கண்ணாடிய மேல தூக்கியே வெச்சிருந்தாங்க. கதவு திறந்து குதிக்கப் போறப்பதான் டப்புன்னு மூடுறாங்க.

வீட்டுல எல்லாரும் "அய்யோ, எப்படித்தான் குதிக்கிறாங்களோ"ன்னு பார்த்துட்டு இருக்க, எனக்கு மட்டும் அந்தக் கண்ணாடி மேலயே கண்ணு. காரணம் இருக்கு. சொல்றேன்.

2018 டிசம்பர். எனக்கு அருள்புரத்துல ஒரு நிட்டிங் கம்பெனியில நைட் ஷிப்ட். வீடு பல்லடம். காலையில ஆறு மணிக்கெல்லாம் வண்டிய எடுத்தா ரோடே தெரியாத அளவுக்கு பனி. குளிருக்கு ஹெல்மெட் கண்ணாடிய நல்லா அழுத்தி மூடி, தாடைக்கிட்ட இருக்கிற காத்து ஓட்டையையும் தள்ளி மூடிக்கிட்டேன். ரெண்டு நிமிஷத்துல கண்ணாடி உள்பக்கம் வெள்ளையா ஆயிருச்சு. வெளிய இருக்கிற பனிதான் அப்படித் தெரியுதுன்னு நினைச்சு வேகத்த குறைச்சேன். குறைக்கக் குறைக்க இன்னும் வெள்ளை. திடீர்னு பத்தடி முன்னாடி ஒரு கோழி வண்டி, லைட்டு எதுவும் இல்லாம ஓரமா நிக்குது. (பல்லடம் பக்கம் காலையில கோழி வண்டிக்கு என்ன பஞ்சம்.) ஒடிச்சேன். மண்ணுல சறுக்கி விழுந்து முழங்கால் தேஞ்சதோட போச்சு. கூண்டுக்குள்ள இருந்து கோழிங்க எல்லாம் என்னையவே பார்த்த மாதிரி இருந்துச்சு. நமக்கும் அதுங்களுக்கும் அன்னிக்கு பெரிய வித்தியாசம் இல்ல :-)

அதுக்கப்புறம் நான் செஞ்சதுதான் பெரிய முட்டாள்தனம். "கண்ணு தெரியாத ஹெல்மெட்ட போடுறதுக்கு போடாமயே போகலாம்"னு முடிவு பண்ணிட்டேன். போலீஸ் நிக்கிற இடத்துல மட்டும் தலையில, மத்த நேரம் டேங்க் மேல. 2015 ஜூலை 1ல இருந்து ஓட்டுறவருக்கும் சரி, பின்னாடி உட்கார்றவருக்கும் சரி, ஹெல்மெட் கட்டாயம்னு ஐகோர்ட் சொன்னப்ப வரிசையில நின்னு வாங்குனவன் நான். அத ஒரு மூணு வாரம் டேங்குக்கு தொப்பியா மாட்டிட்டு சுத்துனேன்.

எங்க கம்பெனி ஃபிட்டர் அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு.

"என்னங் தம்பி, ஹெல்மெட் டேங்குக்கு வாங்குனதுங்களா?"

"இல்லீங்ணா, கண்ணாடி பூரா ஆவி புடிச்சுக்குதுங். ஒண்ணும் தெரியறதில்லீங்."

அவரு சிரிக்கல. அவரோட தம்பி ஹெல்மெட் இல்லாம போயி வேகத்தடையில தூக்கி அடிச்சு இறந்தவரு. அது எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. பேசாம என் ஹெல்மெட்ட வாங்கி திருப்பிப் பார்த்தாரு. பாக்கெட்ல இருந்த பழைய ஊசி ஒண்ண எடுத்து, தாடைக்கிட்ட இருக்கிற ஓட்டைக்குள்ள விட்டு இழுத்தாரு. வந்துச்சு பாருங்க... பஞ்சு! விரல் நீளத்துக்கு, ஃபெல்ட் துணி மாதிரி அழுந்திப் போன பஞ்சு. உச்சியில இருக்கிற ஓட்டை, பின்னாடி காத்து வெளிய போற ஓட்டை, எல்லாத்துலயும் அதே கதை.

நிட்டிங் கம்பெனி உள்ள வந்தவங்களுக்குத் தெரியும். நூல் ஓடுற இடத்துல பஞ்சு பறந்துட்டே இருக்கும். ஊசி மேல படியக்கூடாதுன்னுதான் மெஷின் மேல ஃபேன் சுத்திட்டே இருக்கு. அப்படியும் ஏர் அடிச்சு கிளீன் பண்ணாம விட்டா துணியில ஓட்டை விழும். அந்த மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில தினம் பன்னெண்டு மணி நேரம் என் ஹெல்மெட் வாயத் திறந்துட்டு உட்கார்ந்திருந்துச்சு. மெஷினுக்கு ஷிப்ட்டுக்கு ஷிப்ட் ஏர் அடிக்கிறோம். தலையில மாட்டுறதுக்கு ஒரு நாள் அடிச்சதில்ல.

"மெஷினுக்கு மூச்சு முட்டுனா துணி போச்சு. இதுக்கு மூச்சு முட்டுனா நீங்க போயிருவீங்க தம்பி"ன்னாரு. அவ்ளோதான் அவரு பேசுனது.

அப்புறம்தான் இந்த ஆவி சமாச்சாரத்த ஒழுங்கா படிச்சேன். விஷயம் ரொம்ப சிம்பிள். நாம விடுற மூச்சு கிட்டத்தட்ட 34 டிகிரி சூடு, முழுக்க ஈரம். அந்தச் சூட்டுல ஒரு கன மீட்டர் காத்து சுமார் 37 கிராம் தண்ணிய ஆவியா தாங்கும். அதே காத்து 18 டிகிரிக்கு குளிர்ந்தா 15 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்க போகும்? குளிர்ந்து கிடக்கிற கண்ணாடியில பொடிப்பொடி துளியா ஒட்டிக்கும். நாம பனின்னு நினைக்கிறது பாதி நம்ம மூச்சுதான்!

அதுக்கு வழி, வெளிக்காத்து உள்ள வந்து அந்த ஈரத்த அள்ளிட்டுப் போகணும். வண்டி ஓடுனாத்தான் காத்து வரும். இங்கதான் சிக்கல். கண்ணு தெரியலைன்னு வேகத்த குறைக்கிறோம், காத்து குறையுது, ஆவி கூடுது, இன்னும் தெரியல. குளிருதுன்னு ஓட்டைய மூடுறோம், இன்னும் மோசம்.

வானத்துல குதிக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான். பிளேன் 13,000 அடிக்கு, அதாவது 4 கிலோமீட்டருக்குப் போகுது. ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் குறைஞ்சா தரையை விட 26 டிகிரி குளிர். பத்துப் பதினைஞ்சு பேரு நெருக்கி உட்கார்ந்து மூச்சு விடுறாங்க. அதான் குதிக்கிற வரைக்கும் கண்ணாடி மேல. குதிச்சதும் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துல காத்து, ஹெல்மெட் சரியா இருந்தா ஈரத்த தானா துடைச்சிரும். பாராசூட் விரிஞ்சு வேகம் குறைஞ்சதும் மறுபடியும் மூடிக்கலாம், தரையில இறங்குறப்ப கண்ணு தெரியணுமே. அதனால அப்பவும் கண்ணாடிய தூக்கி விட்டுக்கிறவங்க உண்டு. அவங்களுக்கு பிளேன், நமக்கு சிக்னல். அவ்ளோதான் வித்தியாசம்!

நான் இப்ப செய்யுறத சொல்லிடறேன், யாருக்காவது உதவும்.

வாரம் ஒரு தடவ எல்லா ஓட்டைக்கும் லேசா ஏர். ஹெல்மெட்ட மெஷின் பக்கம் வைக்கிறதில்ல, ஒரு துணிப்பைக்குள்ள போட்டு வெளிய மாட்டிடறேன். எவ்ளோ குளிர்னாலும் தாடை ஓட்டை திறந்தே இருக்கும், கழுத்துக்கு மப்ளர் சுத்திக்கலாம். சிக்னல்ல நின்னா கண்ணாடிய ஒரு கிளிக் தூக்கிருவேன்.

கண்ணாடி உள்பக்கம் பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு தடவி, காஞ்சதும் மெத்துன்னு துடைச்சு விட்டா ஒண்ணு ரெண்டு நாளைக்கு தாங்கும். தண்ணி துளியா நிக்காம மெல்லிசா பரவிடும், அதனால கண்ணு தெரியும். துடைக்க நம்ம ஊரு பனியன் கட்டிங் வேஸ்ட்ட விட நல்ல துணி உலகத்துல கிடையாது :-) ஆனா தூசிய தண்ணி ஊத்திக் கழுவுன அப்புறம்தான் துடைக்கணும், இல்லைன்னா கீறல் விழுந்து ராத்திரி எதிர் லைட்டுல கண்ணு கூசும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீங்க, கண்ணாடி பாலிகார்பனேட், வெடிச்சிரும்.

காசு இருந்தா பின்லாக்னு ஒண்ணு இருக்கு. கண்ணாடிக்கு உள்ள இன்னொரு மெல்லிசான தகடு, நடுவுல காத்து இடைவெளி. உள்தகடு வெளிக்குளிர்ல படாததால ஆவி புடிக்கிறது ரொம்பக் குறைவு. அது மாட்டுறதுக்கு ஏத்த ஹெல்மெட்டா இருக்கணும், கேட்டு வாங்குங்க. ஐஎஸ்ஐ முத்திரையும் பார்த்து வாங்குங்க.

இதெல்லாம் செஞ்சும் ஒண்ணும் தெரியலைன்னா? ரோட்ட விட்டு நல்லா உள்ள தள்ளி நிறுத்தி, இண்டிகேட்டர் போட்டுட்டு, ஒரு டீ குடிங்க. கண்ணாடிய தூக்கி விட்டுட்டு மெதுவாப் போங்க. ஹெல்மெட்ட மட்டும் கழட்டி டேங்க்ல வைக்காதீங்க.

ஃபிட்டர் அண்ணன் எடுத்த அந்தப் பஞ்ச ஒரு பாலிதீன் கவர்ல போட்டு வண்டி டூல்ஸ் பாக்ஸ்ல வெச்சிருக்கேன். வீட்டம்மா ரெண்டு தடவ குப்பைன்னு தூக்கிப் போடப் பார்த்தாங்க. விடல.

டிஸ்கி: மச்சான் அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போயி குதிக்க வெக்கிறாராம். எனக்கு பல்லடம் ரோடே போதும் சாமி!