பெட்டிக்குப் பின்னால் ஒரு மெயின் சுவிட்ச்!

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியிலும், பிள்ளைகள் படிக்கும் ஏழெட்டு வீடுகளிலும் இப்போது டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருக்கிறது. நான் இருபது வருடம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்திவிட்டு, இப்போது மூன்று ஏக்கர் தென்னையும் நாலு மாடுமாக இருப்பவன். கரன்ட் சம்பந்தப்பட்டது எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். கொஞ்ச நாளாக அதிகம் வரும் கேள்வி இதுதான்: “ஏனுங்கண்ணா, சி.பி.யூ பெட்டிக்குப் பின்னாடி ஒரு சின்ன சுவிட்ச் இருக்குதுங்களே, அதைத் தினமும் அணைக்கோணுங்களா, அப்படியே விட்டுப் போடலாமுங்களா?”

கேள்வி சின்னதுதான். ஆனால், அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கையை உள்ளே விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கரன்ட் ஒயர் சொருகும் இடத்தில் ஃபேனோடு ஒரு தகரப் பெட்டி தெரியும். கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ் என்பார்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட் என்று இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. அதிலிருக்கும் சுவிட்சில் ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம் போட்டிருக்கும். கோட்டுப் பக்கம் அமுங்கியிருந்தால் மின்சாரம் போகிறது. வட்டத்துப் பக்கம் அமுங்கியிருந்தால் நின்றிருக்கிறது. விலை குறைந்த சில பெட்டிகளில் இந்தச் சுவிட்சே இருக்காது. அவர்களுக்குச் சுவரில் இருக்கும் சுவிட்சுதான்.

நம் மோட்டார் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனை அமுக்கி மோட்டாரை நிறுத்துகிறோம். வேலை பார்க்க வேண்டும் என்றால், அதற்குப் பிறகு மெயினை இறக்குகிறோம். ஓடுகிற மோட்டாருக்கு யாரும் மெயினை இழுப்பதில்லை. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். முன்பக்கப் பட்டன் ஸ்டார்ட்டர். பின்பக்கச் சுவிட்ச் மெயின்.

முன்பு வந்த கம்ப்யூட்டர்களில் முன்பக்கப் பட்டனே 230 வோல்ட்டை நேராகத் துண்டிக்கும். 1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்த பிறகு அது மாறிவிட்டது. இப்போது முன்பக்கப் பட்டன் ‘எழுந்திரு’, ‘தூங்கு’ என்று மதர்போர்டுக்குத் தகவல் சொல்வதோடு சரி. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, திரை இருண்டு, ஃபேனும் நின்ற பிறகும், பிளக் மாட்டியிருக்கும் வரை மதர்போர்டில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் சில போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு எரிவதைக்கூடப் பார்க்கலாம். அந்த 5 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால், அந்த நிலையில் ரேமைக் கழற்றி மாட்டினாலோ, ஸ்க்ரூ டிரைவர் தவறி விழுந்தாலோ போர்டு போய்விடும். பின்பக்கச் சுவிட்சுக்கு வேலை வருவது இங்கேதான்.

ஆக, தினமும் அணைக்க வேண்டுமா என்றால், என் அபிப்பிராயம், வேண்டியதில்லை. ஷட் டவுன் கொடுங்கள், ஃபேன் நிற்கட்டும், அப்புறம் சுவர் சுவிட்சை அணையுங்கள், போதும். பின்பக்கச் சுவிட்ச் சிறியது. தினமும் போட்டுப் போட்டு அணைத்தால் தேய்ந்து லூஸாகும். வெளியூர் போகும்போதும், பெட்டியைத் திறக்கும்போதும், கருகல் வாடை வரும்போதும் அதைப் பயன்படுத்துங்கள். கருகல் வாடையோ புகையோ வந்தால் மட்டும் ஷட் டவுனுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால், அப்போதும் புகைகிற பெட்டிக்குப் பின்னால் கையை விடுவதைவிடச் சுவர் சுவிட்சை அணைப்பது நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும்போது நேராக அணைத்தால் என்ன ஆகும்? பெட்டிக்குச் சேதம் வராமல்கூடப் போகலாம், கணக்குக்கு வரும். பக்கத்து ஊர் சொசைட்டி ஒன்றில் சாயங்காலம் ஆனால் சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுக் கிளம்புவது வழக்கமாக இருந்தது. ஒருநாள் அந்த மாதத்துப் பால் கணக்கு ஃபைல் திறக்கவே இல்லை. டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனதில் பாதி எழுதி நின்றுவிட்டது. அட்டையை வைத்து, ஒவ்வொரு வீடாக லிட்டரைக் கேட்டு மறுபடி எழுதினார்கள்.

இன்னொரு விஷயம், போட்டு அணைத்து உடனே போடக் கூடாது. சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள், காய்ந்த வயல் தண்ணீரைக் குடிப்பதுபோல ஒரே இழுப்பாக இழுக்கும். பெரும்பாலான பெட்டிகளில் அதைத் தடுக்கச் சின்னக் காசு மாதிரி ஒரு பொருள் வைத்திருப்பார்கள். அது ஆறியிருந்தால்தான் தடுக்கும். சூடாக இருந்தால் விட்டுவிடும். அணைத்தால் ஒரு நிமிடமாவது விட்டுப் போடுங்கள். நம் ஊரில் கரன்ட் ஒரு நிமிடத்துக்குள் மூன்று தடவை வந்து வந்து போகுமே, அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்துவைத்து, லைன் நிலையாக நின்ற பிறகு போடுவது நல்லது.

பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் பின்னால் இன்னொன்றைப் பார்க்கலாம். சிவப்பு நிறத்தில், உள்ளே அமுங்கி, ஸ்க்ரூ டிரைவரால் தள்ளும்படி ஒரு சுவிட்ச். 230 அல்லது 115 என்று எழுதியிருக்கும். இது போடவும் அணைக்கவும் ஆன சுவிட்ச் அல்ல. அமெரிக்கா மாதிரி 115 வோல்ட் வரும் நாடுகளுக்காக வைத்தது. நம் ஊரில் எப்போதும் 230-லேயே இருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாக 115-க்குத் தள்ளிவிட்டுச் சுவிட்சைப் போட்டால், பட்டாசு மாதிரி ‘டப்’பென்று வெடித்து, வீடு முழுக்கப் புகை நாற்றம் வரும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முதலில் அதைப் பாருங்கள். 230-ல் இருந்தால் மேலே ஒரு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள்.

இப்போது, கை வைத்தவர்கள் கதைக்கு வருகிறேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் இண்டு இடுக்கில் பல்லி புகுந்து செத்துக் கிடப்பது கிராமத்தில் சகஜம். சொந்தக்காரப் பையன் ஒருவன், டிப்ளமோ படித்தவன், நாற்றம் தாங்காமல் பின்பக்கச் சுவிட்சை அணைத்தான். பிளக்கையும் பிடுங்கினான். அதுவரை சரி. அடுத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நாலு திருகாணியையும் கழற்றி உள்ளே விரலை விட்டான். உதறிய உதறலில் முழங்கை சுவரில் இடித்து வீங்கிவிட்டது. “மாமா, பிளக்கே மாட்டலையே, எப்படி அடிச்சுது?” என்று கேட்டான்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் கெப்பாசிட்டரை, நாம் கண்டென்சர் என்போமே, கழற்றிக் கையில் எடுத்தவர்களுக்கு விடை தெரியும். லைன் போன பிறகும் அது மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் 230 வோல்ட் ஏ.சி, டி.சி.யாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிவிடும். இப்போது வரும் பல பெட்டிகளில் 400-ஐத் தொடும். அதை இறக்கிவிட உள்ளேயே ஏற்பாடு இருக்கும். ஆனால், அந்தச் சின்ன உதிரி போயிருந்தால் வெகுநேரம் இறங்காது. பட்டறையில் கண்டென்சரை ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து இறக்குவோம். இங்கே அந்த வேலையும் வேண்டாம். சி.பி.யூ மூடியைத் திறந்து தூசி தட்டுங்கள், ரேம் மாட்டுங்கள். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கப் பட்டனை ஐந்தாறு விநாடி அமுக்கிப் பிடித்தால் போர்டில் மிச்சமிருப்பது வடியும். எஸ்.எம்.பி.எஸ் என்ற அந்தத் தகரப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பல்லி செத்திருந்தால் கடையில் கொடுங்கள்.

பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது என்பதும் அடிக்கடி வரும் புகார். செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள், காலுக்குப் பலகை போடுகிறார்கள். ஒரு வீட்டில் மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னையே அறுத்துவிட்டார்கள், இரண்டு ஓட்டை சாக்கெட்டில் மாட்ட வேண்டுமாம். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அந்தப் பின்தான் எர்த். பெட்டிக்குள் ஃபேஸுக்கும் உடம்புக்கும், நியூட்ரலுக்கும் உடம்புக்கும் இடையே சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பில் பாதி வோல்ட்டேஜ், அதாவது 115 வோல்ட் வாக்கில் நிற்கும். கரன்ட் ரொம்பக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு போகிறது. உள்ளே ஃபேஸ் ஒயர் பெட்டியில் பட்டுவிட்டால் அந்தக் குறைவு இருக்காது. அன்றைக்கு வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்று பாடம் படிக்கிற பிள்ளைதான் எர்த்.

பின்பக்கச் சுவிட்சை அணைத்தாலும் சில பெட்டிகளில் இந்தச் சுள் போகாது. அந்தக் கெப்பாசிட்டர்கள் சுவிட்சுக்கு முன்னாலேயே இருக்கலாம். வீட்டு வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவர் சுவிட்சை அணைத்தும் பயனில்லை. சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும், ஃபேஸ் உள்ளேயே நிற்கும். பெரிய ஓட்டை மேலே இருக்கும்படி சாக்கெட்டைப் பார்த்தால், வலது ஓட்டையில்தான் டெஸ்டர் எரிய வேண்டும். வயர்மேனை அழைத்து இதையும் எர்த் குழியையும் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், மோட்டார் ரூமுக்கு ஊற்றுவதுபோல் வீட்டுக் குழிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. ஒன்று போட்டுவிட்டால் கூடுதல் காவல்.

யு.பி.எஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். சுவர் சுவிட்சை அணைத்தாலும் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கம்ப்யூட்டருக்கு வந்துகொண்டிருக்கும். யு.பி.எஸ்.ஸையும் அணைத்து, சி.பி.யூவின் ஒயரைப் பின்னாலிருந்து உருவிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

இடி மின்னலுக்கு எந்தச் சுவிட்சும் காவல் இல்லை. மேகத்திலிருந்து தரை வரை பாய்ந்து வருகிற மின்னலுக்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. பிளக்கையே பிடுங்க வேண்டும். வெளியிலிருந்து வரும் நெட் ஒயரையும் கழற்ற வேண்டும். அதுவும் மேற்கே கருக்கும்போதே. இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைப் பிடிக்கப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்திருக்கிறேன். ஐப்பசி முழுக்க, கம்ப்யூட்டர் ஓடாத நேரங்களில் பிளக் அந்த ஆணியில்தான் தொங்கும்.